மடகாஸ்கருக்குப் பன்னிரண்டு நாள்: எந்தத் திசையில் வண்டியை விடுவது?

மடகாஸ்கருக்குப் போவதென்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் பத்துப் பன்னிரண்டு நாள் விடுமுறை. பட்டியலிலோ பாடுகிற இந்த்ரி (குரங்குக்குச் சொந்தமான லெமூர் விலங்குகளில் ஒன்று), பாவோபாப் எனும் பெருக்கமரச் சாலை, ‘ட்சிங்கி’ என்கிற கத்தி முனைப் பாறைக் காடு, வளைய வால் லெமூர், நோசி பே கடற்கரை என்று எல்லாம் இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் ஒரே தீவுதானே என்று தோன்றும். அந்தத் தீவின் பரப்பு சுமார் 5,87,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல் நாலரை மடங்கு. சாலைகள் பெரும்பாலும் தலைநகரிலிருந்து விரல்கள் மாதிரிப் பிரிந்து போகின்றன. ஒரு விரலின் நுனியிலிருந்து அடுத்த விரலுக்குத் தாவ வழி கிடையாது, திரும்ப உள்ளங்கைக்கு வந்தாக வேண்டும்.

அதனால் எல்லா இடத்தையும் ஒரே பயணத்தில் கோக்க நினைத்தால் பாதி விடுமுறை வண்டியிலேயே கழியும். ஒரு திசையை எடுத்துக்கொண்டு மற்றவற்றை இப்போதைக்கு மறப்பதுதான் சரி. எந்தத் திசை என்பதுதான் கேள்வி.

மடகாஸ்கர் நமக்கு அவ்வளவு அந்நியமான ஊரும் இல்லை. வெயில் காலத்தில் தெருவெல்லாம் சிவக்கிற மயில்கொன்றை, வேலியோர நித்தியகல்யாணி, கல்யாண மண்டப வாசல்களில் நிற்கும் விசிறிவாழை மூன்றுக்கும் பூர்வீகம் அதுதான். கடவூர் மலைத் தேவாங்கு லெமூருக்குத் தூரத்து உறவு. இந்த உறவை விளக்கத்தான் 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் கடலில் மூழ்கிய ஒரு கண்டத்தைக் கற்பனை செய்து ‘லெமூரியா’ என்று பெயரிட்டார். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அறிவியல் அதைக் கைவிட்டுவிட்டது. நாம் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இவ்வளவு இருந்தும் மொரீசியஸுக்குப் போகிற கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. அதற்குப் பெரிய காரணம் சாலைதான்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் மணிக்கணக்கு. இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில் பயனில்லை. 200 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரமும் ஆகும், பத்து மணி நேரமும் ஆகும். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே வண்டி ஓட்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். விளக்கில்லாத லாரி, மாட்டு வண்டி, பெரும் பள்ளம், சில பகுதிகளில் ‘தஹாலோ’ எனப்படும் கொள்ளைக் கூட்டம் எல்லாம் அதற்குக் காரணம். ஆக ஒரு நாளின் ஓட்டம் காலை ஐந்தரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரையோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது மாதம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். அந்த மூன்று மாதத்தில் முதல் பயணம் போவதை எந்தத் திசைக்கும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மற்ற மாதங்களில் திசைக்குத் திசை கணக்கு மாறும்.

மூன்றாவது, எந்த விலங்கு. மடகாஸ்கரின் உயிரினங்களில் பத்தில் ஒன்பது வேறெங்கும் இல்லாதவை என்பது பொதுவான கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் இனங்கள் காடு காடாகப் பிரிந்து வாழ்கின்றன. ஈரக்காட்டு இந்த்ரியைத் தெற்கில் தேடிப் பயனில்லை, வளைய வால் லெமூரைக் கிழக்குக் காட்டில் பார்க்க முடியாது.

நான்காவது உடம்பு: முழங்கால், தலைச்சுற்றல், அட்டைக் கடி, வெயில். ஐந்தாவது பில். இங்கே செலவைத் தலைக் கணக்கில் போட்டால் தப்பாகும். ‘வண்டி நாள்’ கணக்கில் போடுங்கள். ஓட்டுநரோடு ஃபோர்வீல் ஜீப் எடுத்தால் நாள் வாடகை ஓடும், டீசல் தனியாக வரும். நீங்கள் இறங்கிய ஊரிலிருந்து அது தலைநகருக்குக் காலியாகத் திரும்பும் நாள்களும் உங்கள் கணக்குதான். விலை விசாரிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தக் கடைசி இடத்தில்.

| திசை | குறைந்தது எத்தனை நாள் | சாலையில் போகும் மணி | கட்ட வேண்டிய வண்டி நாள் | நல்ல மாதம் | எது சிரமம் |
|---|---|---|---|---|---|
| கிழக்கு: அண்டசீபே | 3–5 | 8–10 | 3–5 | செப்டம்பர்–டிசம்பர் தொடக்கம் | மழை, அட்டை |
| தெற்கு: ஏழாம் எண் சாலை | 9–11 | 25–28 | 11–13 | ஏப்ரல்–நவம்பர் | நீண்ட ஓட்டம், வெயில் |
| மேற்கு: மொரோண்டாவா, ட்சிங்கி | 8–10 | 35–48 | 9–11 | ஜூன்–அக்டோபர் | உயரம், குலுக்கல், புழுதி |
| வடக்கு: டியேகோ, நோசி பே | 7–9 | 9–12 | 5–6 | மே–நவம்பர் | காற்று, உள்நாட்டு விமானம் |

நாள் கணக்கில் நம் ஊரிலிருந்து போக, வர ஆகும் நாள்கள் சேரவில்லை. எப்படிப் போனாலும் அதற்கு மூன்று நாள் போகும்.

கிழக்கு: கையில் நாள் குறைவு என்றால் யோசிக்கவே வேண்டாம்

தலைநகர் அண்டனானரிவோவை ஊரார் ‘தானா’ என்றே சொல்வார்கள். தானாவிலிருந்து துறைமுக ஊரான துவாமசினாவுக்குப் போகும் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டரில் அண்டசீபே இருக்கிறது. துறைமுக லாரிகள் மலை வளைவில் ஊர்வதால் நான்கு மணி நேரம், மோசமான நாளில் ஐந்து.

இங்கே வருவது இந்த்ரிக்காக. உயிரோடிருக்கும் லெமூர்களில் பெரியது, ஒன்பது கிலோ வரை எடை. இதுவரை எந்த விலங்குக் காட்சிசாலையிலும் இது பிழைத்ததில்லை, ஆகவே பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காட்டுக்குத்தான் வர வேண்டும். காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் குடும்பமாகச் சேர்ந்து பாடும். ஊளைக்கும் சங்கொலிக்கும் நடுவிலான அந்தக் குரல் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். காலை ஏழு மணிக்குக் காட்டு வாசலில் நிற்பவர்களுக்கு இந்த்ரி ஏறக்குறைய உறுதி. பதினொன்றுக்கு மேல் ஆற அமர வருபவர்கள் தூங்கும் இந்த்ரியின் முதுகைத்தான் படமெடுப்பார்கள்.

அண்டசீபேயில் ஒன்றுக்கொன்று ஒட்டிய பல காடுகள் இருக்கின்றன. ‘அண்டசீபே போனோம்’ என்பவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அனலமசோத்ரா சிறியது, பாதை சுலபம், மனிதர்களுக்குப் பழகிய இந்த்ரிகள், அரை நாள் போதும். மந்தாடியா பெரிய காடு, ஏற்ற இறக்கம் அதிகம், போகும் வழிக்கு ஃபோர்வீல் வேண்டும், முழு நாளும் வேண்டும். பொன்னிறக் கைகால்கள் கொண்ட கிரீட சிஃபாகா லெமூரும் கறுப்பு வெள்ளை லெமூரும் இங்கே உண்டு. மித்சின்ஜோ, வொய்ம்மா ஆகிய இரண்டும் ஊர் மக்களே நடத்தும் காடுகள். தேசியப் பூங்காக்களுக்குள் இரவு நடைக்கு அனுமதி இல்லாததால் பச்சோந்தி, தவளை, சுண்டெலி லெமூர் பார்க்கும் இரவு நடை இந்த ஊர்க் காடுகளிலும் சாலையோரத்திலும்தான் நடக்கிறது.

மறைந்திருக்கும் குறை பருவத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் நம் பள்ளி விடுமுறை முடிந்திருக்கும், ஆனால் ஐரோப்பியர்களுக்கு அதுதான் விடுமுறை. அறை கிடைப்பது கஷ்டம். அதே மாதங்களில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்கு இறங்கும், பச்சோந்தியும் தவளையும் ஒடுங்கிவிடும், குட்டை லெமூர்கள் வாலில் சேர்த்த கொழுப்பை நம்பி மரப்பொந்தில் உறங்கப் போய்விடும். இரவு நடைக்குக் காசு கட்டிவிட்டு வெறும் இலைகளைப் பார்த்துத் திரும்ப நேரிடலாம். அக்டோபர், நவம்பரில் வந்தால் தாயின் முதுகில் தொங்கும் குட்டிகளோடு பச்சோந்திகளும் சேர்த்துக் கிடைக்கும். மழை வருடம் முழுவதும் உண்டு. குடையைவிடத் தலையை மூடும் ரெயின்கோட் வசதி, காமிராவுக்குத் தடித்த பிளாஸ்டிக் பை. அட்டைக்குப் பேன்ட்டின் காலைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது போதும்.

இன்னொன்று. லெமூர் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை தனியார் தீவுகளில் பழம் கொடுத்துப் பழக்கியவை. குழந்தைகளோடு போனால் ஒரு மணி நேரம் சந்தோஷமாகப் போகும், அதைக் காடு என்று நினைத்துவிடக் கூடாது.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கும், மொரீசியஸ் பயணத்தோடு ஒரு வாரம் ஒட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இது போதும். நாள் மிஞ்சினால் அதே சாலையில் இன்னும் கிழக்கே போய், மனம்பாட்டோவில் படகேறிப் பங்கலான் கால்வாய் வழியாக அக்கனின் நோஃபிக்குப் போகலாம். இரவில் படகில் போய் ஐ-ஐயைப் பார்ப்பதற்கு அந்தப் பக்கம் வசதி. நடுவிரல் மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நீண்ட, மரத்தைத் தட்டிப் பார்த்துப் புழுவைத் தோண்டித் தின்கிற விசித்திர லெமூர் அது.

தெற்கு: ஒரே சாலையில் நாடு முழுக்க மாறும்

தானாவிலிருந்து துலியாரா வரை போகும் ஏழாம் எண் நெடுஞ்சாலை சுமார் 940 கிலோமீட்டர். படிக்கட்டு வயல்கள், மழைக்காடு, கருங்கல் குன்று, புல்வெளி, மணற்பாறைக் கணவாய், முள்காடு, கடல் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே நாடு மாறும். முதல் பயணத்துக்குப் பலர் இதைத்தான் சொல்வார்கள். பன்னிரண்டு நாளை முழுசாகக் கொடுக்க முடிந்தால் நாங்களும் அதையே சொல்வோம். எட்டு நாளில் செய்து முடிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

நடக்கிற கணக்கு இப்படி: தானாவிலிருந்து அன்ட்சிராபே 170 கிலோமீட்டர், நான்கைந்து மணி. அங்கிருந்து ரனோமஃபானா ஏழெட்டு மணி. மொத்தப் பயணத்தில் இடுப்பை உடைக்கும் பகுதி இதுதான், பாதையில் குழியைவிடத் தார் குறைவு. ரனோமஃபானாவிலிருந்து அம்பலவாவோ நான்கு மணி, அங்கிருந்து இசாலோ மலை அடிவாரமான ரனோஹிரா ஐந்து, பிறகு துலியாரா நான்கைந்து. தூங்கும் இரவுகளை அன்ட்சிராபே ஒன்று, ரனோமஃபானா இரண்டு, அம்பலவாவோ ஒன்று, ரனோஹிரா இரண்டு அல்லது மூன்று, கடற்கரை இரண்டு என்று பிரித்தால் மூச்சுவிட இடம் இருக்கும்.

‘ரனோ’ என்றால் தண்ணீர், ‘மஃபானா’ என்றால் சூடு. வெந்நீர் ஊற்றால் வந்த பெயர். 1986-ல் இங்கே பொன்மூங்கில் லெமூர் கண்டுபிடிக்கப்பட்டது, அதைக் காக்க 1991-ல் தேசியப் பூங்கா வந்தது. அது தின்னும் மூங்கில் குருத்தில் சயனைடு இருக்கிறது. அந்த உடம்புக்குச் சாவு தரக்கூடிய அளவைப்போல் பன்னிரண்டு மடங்கு தினமும் உள்ளே போகிறது, எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பாதை செங்குத்தானது. வழிகாட்டியோடு கூடவே காட்டுக்குள் முன்னே போய் லெமூரைத் தேடிக் குரல் கொடுக்கும் ஆள் ஒருவர் வருவார், அவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தயங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் மூங்கில் புதருக்குள் அந்த விலங்கைக் கண்டுபிடிப்பதே அவர்தான்.

அம்பலவாவோவை அடுத்த அஞ்சா, ஊர் மக்கள் நடத்தும் சின்னக் காடு. வளைய வால் லெமூரைப் பத்தடி தூரத்தில் பார்க்க இதைவிட நிச்சயமான இடம் இல்லை, இரண்டு மணி நேரம் போதும். இசாலோவில் விலங்கைவிட நிலம்தான் காட்சி: மணற்பாறைக் கணவாய், அடியில் குளிர்ந்த சுனை. நிழலில்லாத நடை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் தேவை. அக்டோபர் கடைசியில் வெயில் நம் வேலூர் வெயில்.

வழியில் இலக்காக்கா வரும். 1998-ல் நீலக்கல் கிடைத்ததும் ஒரே வருடத்தில் முளைத்த ஊர். கல் வாங்க இலங்கை வியாபாரிகள் வந்து உட்கார்ந்த இடம். வண்டியை நிறுத்திக் கல் விலை கேட்கும் ஆசை வேண்டாம். சாலையோரத்தில் கிடைப்பதில் கண்ணாடியும் உண்டு, கல்லாகவே இருந்தாலும் ஏற்றுமதிச் சீட்டில்லாமல் விமான நிலையத்தில் பறிபோகும்.

இந்தத் திசையின் மறைமுகச் செலவு திரும்பும் வழியில் இருக்கிறது. துலியாராவிலிருந்து விமானத்தில் திரும்பினால் மூன்று நாள் மிச்சம். ஆனால் வண்டி காலியாகத் தானா போக இரண்டு நாள் வாடகையும் டீசலும் உங்கள் தலையில். போக, வர, பூங்காவுக்குள் ஓடியது எல்லாம் சேர்த்து 2,100 கிலோமீட்டர், நூறுக்கு 12 லிட்டர் என்றால் 250 லிட்டர் டீசல். முதலில் சொன்ன விலையில் இது அடங்கியதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பேராகப் பங்கிட்டால் தலைக்குக் கட்டுப்படியாகும், இரண்டு பேருக்கு அப்படி இல்லை. பொது வாகனமான தக்ஸி-புரூஸில் போனால் செலவு பத்தில் ஒரு பங்காகும். ஆனால் வண்டி நிறைந்த பிறகுதான் கிளம்பும், பூங்கா வாசலில் நிற்காது, இரவிலும் ஓடும். மூன்று வாரம் இருப்பவர்களுக்கு அது சரிவரும்.

மேற்கு: படத்தில் பார்த்த மடகாஸ்கர்

பெருக்கமரத்தை மன்னாரிலும் நெடுந்தீவிலும் பார்த்தவர்கள் உண்டு. அது ஆப்பிரிக்க இனம், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததென்று சொல்வார்கள். உலகிலுள்ள எட்டு இனங்களில் ஆறு மடகாஸ்கரில் மட்டுமே. மொரோண்டாவாவுக்கு வடக்கே இருபது கிலோமீட்டரில் மண் சாலையின் இரு பக்கமும் முப்பது மீட்டர் உயரத்துக்குத் தூண்களாக நிற்பவை அவற்றில் ஒன்று. மாலையில் கூட்டம் சேரும். விடியலில் ஆளே இருக்காது, வெளிச்சமும் குறைவில்லை.

பெருக்கமரச் சாலைக்காக மட்டும் இவ்வளவு தூரம் வருவது வீண். அதோடு கிரிண்டியும் ட்சிங்கியும் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகும். கிரிண்டி வறண்ட காடு. ஜூனிலிருந்து இலையுதிர்ந்து நிற்பதால் விலங்கு எளிதில் கண்ணில் படும். மடகாஸ்கரின் பெரிய வேட்டை விலங்கான ஃபூசா முகாம் சமையலறைப் பக்கமே சுற்றும். முப்பது கிராம் எடையுள்ள, குரங்கும் மனிதரும் சேர்ந்த முதனி வரிசையில் உலகிலேயே சின்னதான பெர்த்தே சுண்டெலி லெமூருக்கும் வீடு இந்த வட்டாரம்தான். அறைகள் எளிமை, தண்ணீர் அளவு, மின்சாரம் சில மணி நேரம். ஒரு இரவு போதும்.

பிறகு ட்சிங்கி. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்து ஊசிக் காடாக்கிய பெமராஹா நிலம் 1990-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மொரோண்டாவாவிலிருந்து அடிவார ஊரான பெகோபாகா 200 கிலோமீட்டர்தான், ஆனால் நல்ல நாளில் எட்டு மணி, சாதாரண நாளில் பத்து. நடுவில் ட்சிரிபிஹினா, மனம்போலோ என்று இரண்டு ஆறுகள். வண்டியை மிதவையில் ஏற்றிக் கடக்க வேண்டும். மிதவையில் இடம் குறைவு, வரிசையில் ஐந்தாவதாக நின்றால் இரண்டு மணி நேரம் போயிற்று. சில வாரங்களில் காவல் படை வண்டிகளோடு கூட்டாகத்தான் போக விடுவார்கள். அப்போது புறப்படும் நேரம் உங்கள் கையில் இல்லை. அதனால் பெகோபாகாவில் ஒரே முழு நாள் வைத்துத் திட்டம் போடுவதுதான் இந்தத் திசையில் அதிகம் நடக்கும் தவறு. மிதவையில் அரை நாள் போனால் பெரிய ட்சிங்கியே போயிற்று. மூன்று இரவு வையுங்கள்.

பெரிய ட்சிங்கி ஏறுபவர்களுக்கு இடுப்புக் கச்சை தருவார்கள், அதன் கொக்கியைப் பாறையில் பதித்த இரும்புக் கயிற்றில் மாட்டி மாட்டி நகர வேண்டும். தொங்குபாலம் உண்டு. பலகைகளுக்கு நடுவே அடியாழம் தெரியும். சில இடுக்குகளில் தவழ வேண்டும், உடம்பு பெருத்தவர்களுக்கு அங்கே தொல்லை. உயரத்துக்குப் பயப்படுபவர்கள் சின்ன ட்சிங்கியோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரை ஒட்டியே இருக்கிறது, அதே பாறைதான். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, தோல் கையுறை, விடியற்காலை ஐந்தரைப் புறப்பாடு மூன்றும் அவசியம். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல்.

மனம்போலோ ஆற்றோரக் குகைகளில் பழங்காலக் கல்லறைகள் உண்டு. அவற்றை விரல் நீட்டிக் காட்டுவது ‘ஃபாடி’, அதாவது தீட்டு. விரலை மடக்கிக் கணுவால் காட்டலாம். வழிகாட்டி சொல்வதைக் கேட்டு நடந்தால் போதும்.

தானாவிலிருந்து மொரோண்டாவாவுக்குச் சாலையில் இரண்டு முழு நாள். போகும்போது விமானமும் வரும்போது சாலையுமாக வைத்தாலும், வண்டி உங்களுக்கு முன்னே காலியாகப் போய்க் காத்திருந்தாக வேண்டும். அதற்கும் வாடகை. இரண்டு பேராகப் போனால் செலவு நன்றாகவே ஏறும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பெகோபாகா சாலை சேறாகி மூடிவிடும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் போக முடியாது. முதுகு வலிக்காரர்களும் பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளோடு போகிறவர்களும் இதை விட்டுவிடலாம். இரண்டாவது முறை வருபவர்களுக்கும், நிலக்காட்சிப் படமெடுப்பவர்களுக்கும் இதற்கு ஈடு கிடையாது.

வடக்கு: பாதி காடு, பாதி கடல்

அன்ட்சிரானானாவை ஊரில் டியேகோ என்பார்கள். தானாவிலிருந்து சாலையில் போக நினைக்காதீர்கள், விமானம்தான். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் அம்பர் மலைக் காடு, விரல் நுனியில் நிற்கிற புரூக்கீசியா வகைப் பச்சோந்திகளின் இடம். தெற்கே மூன்று மணியில் அங்காரானா. இங்கேயும் ட்சிங்கி பாறை உண்டு, அளவில் சிறியது, ஏறுவதற்கு எளிது. பெமராஹாவுக்குப் போக முடியாதவர்களுக்கு முக்கால் திருப்தி தரும். கிரீட லெமூர்கள் முகாமுக்குள்ளேயே வரும். பிறகு கோகோ தோட்டங்கள் நிறைந்த அம்பஞ்சா வழியாக அங்கிஃபி படகுத்துறை, அங்கிருந்து நோசி பே தீவு. செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் வரை அந்தக் கடலில் திமிங்கலச் சுறா வரும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. டியேகோ பக்கம் வறண்ட மாதங்களில் ‘வராத்ராசா’ என்ற தென்கிழக்குக் காற்று நிற்காமல் அடிக்கும். அந்த மாதங்களில் படகுப் பயணத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். நோசி பே விலைகள் மற்ற ஊர்களைவிட நன்றாகவே உயர்வு. காட்டுக்காக மட்டும் வருபவர் இங்கே பாதிப் பணத்தைக் கடலுக்குக் கொடுக்கிறார். வீட்டில் ஒருவர் பறவை பார்க்கிறவர், மற்றவர் கடற்கரையில் படுக்க விரும்புகிறவர் என்றால் சண்டையில்லாமல் முடிகிற திசை இதுதான்.

வடகிழக்கில் மரோஜேஜி, மசோவாலா என்று இன்னும் அடர்ந்த காடுகள் இருக்கின்றன. மழையில் நாள்கணக்கில் கூடாரம் தூக்கி நடப்பவர்களுக்கானவை அவை. முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

எதை எதோடு சேர்க்கலாம்

பதினான்கு நாள் இருந்தால் கிழக்கும் தெற்கும் சேரும், கிழக்கும் வடக்கும் சேரும். இரண்டிலும் கிழக்கை முதலில் வையுங்கள். நீண்ட விமானக் களைப்பில் நெடுந்தூர ஜீப் ஓட்டத்தைத் தொடங்குவதைவிட அது நல்லது. தெற்கும் மேற்கும் அன்ட்சிராபேயில் பிரிவதால் வரைபடத்தில் சேர்க்கலாம் போலத் தெரியும். மூன்று வாரத்துக்குக் குறைவாக அதைச் செய்தால் எந்த ஊரிலும் இரண்டாவது இரவு கிடைக்காது. இரண்டாவது இரவு இல்லாத ஊரில் விடியற்காலைக் காடும் இல்லை, இரவு நடையும் இல்லை.

எந்தத் திசையானாலும் கூடவே வரும் செலவு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இறங்கியதும் கிடைக்கிறது. அது தொல்லையில்லை, தொல்லை மஞ்சள் காய்ச்சல் ஊசி. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மடகாஸ்கர் சான்றிதழ் கேட்கும். திரும்பி இந்தியா வரும்போது இங்கும் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதியுண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், குறிப்பிட்ட நாள்களில் மட்டும். மொரீசியஸ் அல்லது துபாய் வழி போனால் இந்தத் தலைவலி இல்லை, டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். மலேரியா நாடு முழுக்க உண்டு, மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே தொடங்கிவிட வேண்டும். ஆறு, ஏரி நன்னீரில் இறங்கிக் குளித்தால் நத்தை வழிப் பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி வரலாம்.

பணம் ரொக்கம்தான். ஆகப் பெரிய நோட்டு 20,000 அரியாரி, ஐந்து டாலர் கூடப் பெறாது. பெகோபாகா, ரனோமஃபானா போன்ற ஊர்களை நம்பி வெறும் அட்டையோடு போக முடியாது. தானாவிலேயே மாற்றி, செங்கல் மாதிரி நோட்டுக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் தலைக்கு, வழிகாட்டிக் கட்டணம் குழுவுக்கு. தனியாகப் போகிறவருக்கு இரண்டாவதுதான் கடிக்கும். 2005-ல் ஒழிந்த பழைய பிராங்கில் விலை சொல்லும் பழக்கம் சந்தைகளில் இன்னும் போகவில்லை, 5 பிராங்க் ஒரு அரியாரி. விலை ஐந்து மடங்கு அதிகமாகத் தெரிந்தால் உடனே கோபப்படாமல் எந்தக் காசு என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் நமக்குச் சிரமமில்லை. மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர். அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்த ‘ரனோவோலா’ எல்லாக் கடையிலும் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் ‘ட்சி மிசி ஹெனா’, அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் பீன்ஸும் கீரையும் வரும். மீன் வேறு கணக்கு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு விமானங்கள் நேரம் மாறுவதும் ரத்தாவதும் அங்கே வாடிக்கை. வெளிநாட்டு விமானத்துக்கு முன்னால் தானாவில் குறைந்தது ஒரு இரவு, மேற்கு, வடக்கிலிருந்து வந்தால் இரண்டு இரவு விடுங்கள். 2025 செப்டம்பரில் மின்வெட்டுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் எதிராகத் தலைநகரில் வெடித்த போராட்டம் அக்டோபரில் இராணுவம் ஆட்சியைப் பிடிப்பதில் முடிந்தது. இடையில் இரவு ஊரடங்கும் இருந்தது. ஆகவே பயணத் தேதியை மாற்ற இடம் தரும் டிக்கெட்டும் காப்பீடும் வாங்குவது நல்லது. மிஞ்சிய அரியாரியை இவாத்தோ விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்கு உள்ளே போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றிய ரசீதையும் வைத்திருங்கள், கேட்பார்கள். நாட்டை விட்டு வெளியே வந்தபின் அந்த நோட்டுகளை வாங்க ஆள் கிடைக்காது.